ஆள் இல்லாத ஒப்பாரி

செல்போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று ஜெரால்டு சொன்னதும் வெள்ளத்தாய் இடுப்பைக் கையால் பொத்திக்கொண்டாள். பாட்டுப் பதிவு செய்கிற ஆள் அவர், முப்பத்தைந்து வயசிருக்கும், மரியாதையாகத்தான் சொன்னார். சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தாலும் மைக்கில் இரைச்சல் விழுமாம். அவள் உடனே கொடுக்கவில்லை. இடுப்பில் செருகியிருந்ததை எடுத்து, யாரும் கூப்பிடவில்லை என்று ஒருமுறை பார்த்து, முந்தானையால் துடைத்து, எழிலரசியின் கையில் வைத்தாள். எழிலரசி காலேஜில் பாடம் நடத்துகிறவள். ஊர் ஊராகப் போய் ஒப்பாரி கேட்டு எழுதுகிறவள். அவள் கூப்பிட்டுத்தான் வெள்ளத்தாய் திருமங்கலம் பக்கத்திலிருந்து மதுரைக்கு பஸ் ஏறி இந்த இரண்டாம் மாடிக்கு வந்திருக்கிறாள். "மணி அடிச்சா எடும்மா. யாருன்னாலும் எடு. எடுத்துட்டு எங்கிட்டச் சொல்லு." "சொல்றேம்மா, நீங்க தைரியமாப் போங்க." கதவு சாத்தியது. சாத்திய சத்தம்கூட உள்ளே விழவில்லை. சுவரெல்லாம் மெத்தை ஒட்டி வைத்த சின்ன அறை. நடுவில் ஒரு நாற்காலி, வாய்க்கு நேராக ஒரு மைக், எதிரே கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெரால்டும் எழிலரசியும் வாயசைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள், ஒரு சொல்லும் வரவில்லை. அவள் தொண்டையைச் செருமிப் பார்த்தாள். செருமல் போன இடத்திலிருந்து திரும்பவில்லை. இழவு வீட்டில் ஒரு அடி எடுத்துக் கொடுத்தால் ஓட்டில் பட்டு, பந்தலில் பட்டு, வெளியே அடிக்கிற பறையில் பட்டு அவளிடமே திரும்பி வரும். வந்ததைப் பிடித்து அடுத்த அடியைக் கட்டுவாள். இங்கே வாயை விட்டுப் போனது போனதுதான். எங்கே போகிறது? மெத்தைக்குள்ளா, அந்த மைக்கின் கம்பிக்குள்ளா, இல்லை வேறு எங்காவது போய் யாரையாவது தேடுகிறதா?

அப்படி நினைக்கக் கூடாது என்று நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். நினைக்கக் கூடாது என்று நினைத்ததுமே மகள் பாண்டீஸ்வரியின் கால் கண்ணுக்கு முன்னால் வந்தது. போன வாரம் பார்த்தபோது அந்தக் கால் வீங்கியிருந்தது, கொலுசு தோலுக்குள் புதைந்திருந்தது, விரலால் அமுக்கினால் குழி விழுந்து நெடுநேரம் நின்றது. தலைப்பிரசவம். மாமூலாகத் தாய் வீட்டில்தான் பார்க்க வேண்டும். ஏழாம் மாசம் கூப்பிடப் போனபோது சம்பந்தியம்மா தனபாக்கியம் காப்பியெல்லாம் கொடுத்து, நல்ல விதமாகத்தான் சொன்னாள். "தப்பா நெனைக்காதீக மதினி. ஒங்க வீட்ல வாரத்துக்கு ரெண்டு எழவுக்குப் போயிட்டு வாரீக. அந்தச் சேலையும் அந்தத் தீட்டும் சூலி இருக்குற எடத்துக்கு ஆகுமா? இங்கயே இருக்கட்டும்." பாண்டீஸ்வரி பக்கத்தில்தான் நின்றாள், சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டு. தாய் ஒரு வார்த்தை பேசுவாள் என்று மகளும், மகள் ஒரு வார்த்தை பேசுவாள் என்று தாயும் பார்த்திருந்து, இரண்டு பேரும் பேசவில்லை. இன்றைக்குக் காலையில் பஸ் பாதி வழி வந்திருந்தபோது மாப்பிள்ளை அழகுராஜா கூப்பிட்டான். பிரஷர் கூடிப்போச்சு அத்தை, விடியக்காலமே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கு, வலியும் வந்திருச்சு, ஆபரேஷன் பண்ணலாமான்னு பாக்குறாங்க. "நான் மதுரைக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கேன் மாப்ள, நேரா வந்துருறேன்" என்றாள். போன் கை மாறியது. தனபாக்கியம் குரல். "மதினி, முந்தாநாள்தான மேலத்தெருவுல மாரடிச்சிட்டு வந்திருக்கீக. நல்லபடியாப் பெத்து எடுக்கட்டும், அப்புறம் வாங்க." அப்புறம் வாங்க. அவளுக்கு இறங்க வேறு இடமில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கலாம், நின்றால் அவள் நிழல் உள்ளே போகுமோ என்று பயம். ஊருக்குத் திரும்பலாம், திரும்பினால் தூரமாகிவிடுமோ என்று பயம். அதனால் சொன்ன சொல்லுக்கு வந்த மாதிரி இங்கே வந்துவிட்டாள். வந்த பிறகுதான் எந்த வேலைக்கு வந்திருக்கிறோம் என்பது உறைத்தது. மகள் பிரசவத்துக்குப் படுத்திருக்கிற நேரத்தில் தாய் ஒப்பாரி பாட வந்திருக்கிறாள்.

காதில் மாட்டிய ஹெட்போனில் எழிலரசியின் குரல் மூளைக்குள்ளேயே பேசுவது போல வந்தது. "அம்மா, ரெடியா? வழக்கமா வீட்ல போயி உக்காந்ததும் முதல்ல என்ன செய்வீங்க? அப்படியே செய்ங்க." முதலில் என்ன செய்வோம்? முதலில் செத்தவர் முகத்தைப் பார்ப்போம். பார்க்காமல் வாய் திறக்காது. முகத்தைப் பார்த்து, கால்மாட்டில் ஒரு நிமிஷம் நின்று, பிறகு அந்த வீட்டுப் பொம்பளைகள் தோளில் கை போட்டு வட்டமாக உட்கார்ந்து, தலையோடு தலை சேர்த்து, மூச்சு எல்லோருக்கும் ஒன்றாக வருகிற வரைக்கும் வெறுமனே அரற்றி, அப்புறம்தான் முதல் அடி. அடி அவளுடையது, கண்ணீர் அவர்களுடையது. எவளும் செத்தவருக்காக மட்டும் அழுவதில்லை. மாமனார் செத்த வீட்டில் மருமகள் அழுவாள், கேட்டால் அவளுக்குச் சீர் கொண்டுவராத அண்ணனைப் பற்றி இருக்கும். வருஷம் முழுக்க வாய் திறக்க முடியாததை அன்றைக்கு ஒருநாள் ராகம் போட்டுச் சொல்லிவிடலாம், யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். ஆனால் அதற்கு ஒரு ஆள் செத்துக் கிடக்க வேண்டும். ஆள் இல்லாமல் பாடுவது என்ன பாட்டு? "யாரை நெனச்சும்மா பாடுறது?" என்று கேட்டாள். "யாரையும் நெனைக்க வேணாம்மா. சும்மா பாடுங்க." சும்மா. பத்து வயசில் ஒருநாள் கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டே சும்மாதான் பாடினாள். பக்கத்து ஊர் இழவில் கேட்டது, நாக்கில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அம்மா ஓடிவந்து சாம்பல் கையோடு வாயிலேயே அறைந்தாள். எவன் சாகணும்னு பாடுற? மூன்றாம் நாள் எதிர்வீட்டு மாமா பனையிலிருந்து விழுந்தார். எல்லோரும் மட்டை ஈரம், கால் வழுக்கிவிட்டது என்றார்கள். அம்மா அவளைப் பார்த்தாள், அவ்வளவுதான். நாற்பது வருஷம் ஆகிறது, அடுப்படியில் நிற்கும்போது ஒரு முனகல் வந்தாலும் உதட்டைக் கடித்துக்கொள்வாள். பாண்டீஸ்வரி கைக்குழந்தையாக இருந்தபோது தாலாட்டக்கூட பயம். இரண்டுக்கும் இழுப்பு ஒன்றுதான், கொஞ்சம் கவனம் தப்பினால் தூளியில் தொடங்கியது பாடையில் போய் முடிந்துவிடும். வாயை மூடிக்கொண்டு வெறுமனே ஆட்டினாள். அந்தப் பிள்ளை பாட்டில்லாமல் வளர்ந்த பிள்ளை.

எழிலரசி சொல்லியிருந்தாள், உலகத்தில் எங்கெங்கோ பொம்பளைகள் இப்படி அழுது பாடுகிறார்களாம், அதையெல்லாம் சேர்த்து ஒரே தொகுப்பாகக் கொண்டுவருகிறார்களாம், நம்ம ஊர் அழுகையும் அதில் இருக்க வேண்டுமாம். போன மாசம் வீட்டுக்கு வந்தபோது ஒன்றைப் போட்டுக் காட்டினாள். பனி கொட்டுகிற ஏதோ ஒரு நாட்டுக்காரி. ஒரு சொல் விளங்கவில்லை. ஆனால் அடி முடிகிற இடத்தில் அவள் மூச்சை உள்ளே இழுத்து ஒரு கேவல் கேவினாளே, அதைக் கேட்டதும் வெள்ளத்தாய்க்குக் கை தானாக நெஞ்சுக்குப் போனது. நம்ம ஆளு, என்றாள். பிறகு கேட்டாள்.

"இந்தப் பொம்பளைக்கு அப்ப யாரு செத்திருந்தா?"

"யாரும் இல்லம்மா. இதே மாதிரி ஸ்டூடியோவுல பாடுனதுதான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னம்மா?"

"பாடுனதுக்கப்புறம் அவ வீட்ல யாரும் செத்தாகளா?"

எழிலரசி சிரித்தாள். அவளுக்குத் தெரியாது. அந்தப் பனிநாட்டுக்காரி பாடி முடித்து, காசு வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தபோது உள்ளே என்ன இருந்தது என்று யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? ஆளில்லாப் பாட்டு ஆளைத் தேடிக்கொள்ளும் என்பது அங்கேயும் இருக்குமா, இல்லை குளிர் நாட்டில் அதெல்லாம் உறைந்துபோகுமா? இன்றைக்கு அது தேடினால் தூரம் போக வேண்டியதில்லை. இந்த மாடியிலிருந்து இறங்கி, ஆட்டோவில் பத்து நிமிஷம். அங்கே ஒருத்தி வீங்கின காலோடு வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். சாவுக்கும் பிறப்புக்கும் ஒரே வாசல் திறந்திருக்கிற நேரம். இவ்வளவு வசதியாக யார் கிடைப்பார்கள். தூ, தூ, என்று துப்ப வந்தது. மைக் இருந்தது, விழுங்கிக்கொண்டாள். பாட முடியாது என்று எழுந்து போய்விடலாம்தான். ஆனால் எழுந்து போனால்? பாட வந்தவள் பாதியில் எழுந்தாள், வாய்வரைக்கும் வந்ததை விழுங்கினாள், விழுங்கினது வயிற்றில் இருக்கிறது, அதோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் அதுவும் அபசகுனம்தானே. பாடினாலும் பயம், பாடாவிட்டாலும் பயம். கண்ணை மூடினாள். முகம் வேண்டும். புருஷன் முகத்தைக் கூப்பிட்டாள். லோடு ஏற்றுகிற மனுஷன், போய் ஒன்பது வருஷம் ஆகிறது, முன்பல்லில் ஒன்று ஓரம் உடைந்திருக்கும். வந்தான். ஆனால் ஒருமுறை அழுது அனுப்பினவனை இன்னொருமுறை எழுப்பலாமா, எழுப்பினால் சும்மா திரும்புவானா, மகளைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று அங்கே போய் நிற்க மாட்டானா? வேணாம், வேணாம், நீ போ. மேலத்தெருவில் முந்தாநாள் அழுத பெரியவர் முகத்தைக் கூப்பிட்டாள். மூக்கில் பஞ்சு, தாடைக்குக் கட்டின துணி, அதுவரைக்கும் சரியாக வந்தது. பிறகு துணிக்குள் இருந்த முகம் இளசாகி, மூக்குத்தி வைத்து, காலண்டரைப் பார்க்கிற மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பியது. வெள்ளத்தாய் கண்ணைத் திறந்துவிட்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழிலரசி போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள். அது வெள்ளத்தாயின் போன்தான், சிவப்பு உறை போட்டது. எழிலரசி உதடு அசைந்தது. கேட்டாள். தலையை ஆட்டினாள். பிறகு, இதைத்தான் வெள்ளத்தாய் பார்த்தாள், கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். ஏன் திரும்ப வேண்டும்? உள்ளேதான் எதுவும் கேட்காதே. கேட்காத ஆளுக்கு முன்னால் எதை மறைப்பது? முகத்தைத்தான். இருபத்தாறு வருஷமாக இழவு வீட்டுக்குப் போகிறவள் அவள். சேதி எப்படி வரும், எப்படி மறைப்பார்கள் என்பது அவளுக்குத் தெரிகிற அளவுக்கு யாருக்குத் தெரியும்? கொஞ்சம் சீரியஸா இருக்கு, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க என்பார்கள், வந்து பார்த்தால் ஐஸ் பெட்டி வந்திருக்கும். சாப்பிட்டுட்டு வாங்க என்று அக்கறையாகச் சொன்னால் முடிந்துவிட்டது என்று அர்த்தம். யாராவது தோளைத் தொட்டு மெதுவாகப் பேசினால் முடிந்துவிட்டது என்று அர்த்தம். நாற்காலியிலிருந்து எழுந்தாள். ஹெட்போன் கம்பி இழுத்தது. கையை ஆட்டினாள். எழிலரசி திரும்பி, போனை மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, பட்டனை அழுத்தினாள். "ஒண்ணுமில்லம்மா. விளம்பரக் கால். நீங்க உக்காருங்க." "பொய் சொல்லாதம்மா." "நெசமாத்தாம்மா. தண்ணி வேணுமா? கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுப் பாடுங்களேன்." குரல் மெதுவாக இருந்தது. அக்கறையாக இருந்தது. ஆகிவிட்டதா? ஆகவில்லையா? ஆகிக்கொண்டிருக்கிறதா? விளம்பரத்துக்கு யாராவது அவ்வளவு நேரம் தலையாட்டுவார்களா? கதவைத் திறந்து போனைப் பிடுங்கிப் பார்த்துவிடலாம், இரண்டே எட்டுதான். ஆனால் பார்த்தால் தெரிந்துவிடும். தெரியாத வரைக்கும் பாண்டீஸ்வரி இருக்கிறாள். திரும்ப உட்கார்ந்துவிட்டாள். உள்ளே இருந்தது நெஞ்சுக்குழி வரைக்கும் ஏறியிருந்தது. எந்த வீட்டிலும் இப்படி ஏறியதில்லை, எங்கேயும் அவள்தான் அதை எடுத்துக் கொடுப்பாள், இன்றைக்கு அது தானாக வருகிறது, பல்லைக் கடித்தால் பல்லை உடைத்துக்கொண்டு வந்துவிடும் போலிருந்தது. வரத்தான் போகிறது. வந்தால் ஒரு ஆளைக் கேட்கும். ஆள் யார்? ஆள் யார்? யாரைக் கொடுப்பது? கொடுக்கிற மாதிரி தன்னிடம் யார் மிச்சம்?

அப்போதுதான் அது தோன்றியது. தோன்றியதும் பயம் குறையவில்லை, ஆனால் அதற்கு ஒரு திசை கிடைத்தது. நான் இருக்கேனே. செத்தது வெள்ளத்தாய் என்று வைத்துக்கொண்டால்? நாற்காலிக்குக் கீழே, அந்தச் சாம்பல் நிற விரிப்பில், தன்னையே நீட்டிப் படுக்க வைத்தாள். தலைமாட்டில் விளக்கு, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டின துணி. தன் முகத்தை முதல்முறையாக மேலிருந்து பார்த்தாள், இவ்வளவு கறுத்துப்போயிருக்கிறேனா என்று ஒரு நொடி ஓடியது. இனி இவளுக்காக அழ வேண்டும். அழ வேண்டியவள் யார்? மகள். மகள்தானே தாய்க்கு அழ வேண்டும். அப்படியென்றால் பாடுவது வெள்ளத்தாய் இல்லை, பாண்டீஸ்வரி. பாடுகிறவளுக்கு உயிர் வேண்டும். வாய் வேண்டும், மூச்சு வேண்டும், நெஞ்சில் அடித்துக்கொள்ளக் கை வேண்டும். இழவு வீட்டில் அழுகிறவள் சாக மாட்டாள், செத்தவள் அழ மாட்டாள், இது அவளுக்குத் தெரிந்த ஒரே கணக்கு. தன் வாயை மகளுக்குக் கொடுத்துவிட்டாள். கண்ணை மூடினாள். முகம் மாறவில்லை, விரிப்பில் அவளே கிடந்தாள்.

"பட்டணத்து ஆஸ்பத்திரியில — என்னப் பெத்த தாயே
பச்சப்புள்ள கையில வச்சேன்
பாத்துட்டுப் போகாம — என்னப் பெத்த தாயே
பாதியில நீ போனதென்ன"

முதல் அடி போய் மெத்தையில் விழுந்தது, திரும்பவில்லை. திரும்ப வேண்டாம், போகட்டும். பிள்ளையையும் பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோமே என்று பதறி, பிறகு, கையில் வச்சேன் என்றுதானே வந்தது, உயிரோடுதான் வந்தது, கைச்சூட்டில் இருக்கிறது, இருக்கட்டும், விடாதே, இறுக்கிப் பிடி என்று மகளுக்குச் சொன்னாள். கை மாரில் விழுந்தது, அடி பிசகவில்லை. ஆட்கள் சுற்றி இல்லை, தோளில் கை போட ஒருத்தி இல்லை, பறை இல்லை. பாண்டீஸ்வரி மட்டும் தனியாக அழுதாள். அழ அழ, ஏழாம் மாசத்தில் காலண்டரைப் பார்த்து நின்றவள் சொல்லாததெல்லாம் வந்தது. அது வரும் என்று வெள்ளத்தாய் எதிர்பார்க்கவில்லை.

"வாசலுக்கு வராதன்னு — என்னப் பெத்த தாயே
வாக்கப்பட்ட எடத்துல சொன்னாகளே
வாயிருந்தும் பேசாம — என்னப் பெத்த தாயே
வன்னெஞ்சா நின்னேனே"

மகள் தன்னிடம் இப்படிச் சொல்ல வேண்டும் என்று இத்தனை மாசமாகக் காத்திருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. அதற்குத் தான் செத்துக் கிடக்க வேண்டியிருந்தது. இதற்குப் பிறகு எத்தனை அடி வந்தது, எது வந்தது, அவளுக்கு நினைவில்லை. நிறுத்தினால் அங்கே ஏதோ நின்றுபோகும் என்ற பயத்தில் நிறுத்தாமல் போனாள். மூச்சு வாங்குகிற இடத்தில்கூட மூச்சு வாங்காமல், இழுத்து இழுத்து, தொண்டை பிளந்து, குரல் காற்றாகிற வரைக்கும் போனாள். கண்ணைத் திறந்தபோது ஜெரால்டு தலை கவிழ்ந்திருந்தார். எழிலரசி அங்கே இல்லை.

கதவு திறந்தது. வெளிச் சத்தமெல்லாம் ஒரே சமயத்தில் உள்ளே வந்தது, தெருவில் ஹாரன், மின்விசிறி, எங்கோ ஒரு குக்கர். எழிலரசி நின்றுகொண்டிருந்தாள், முகம் ஈரமாக, கையில் அந்தச் சிவப்பு உறை போன். முகம் ஈரம் என்பதை மட்டும்தான் வெள்ளத்தாய் பார்த்தாள். "சொல்லும்மா. சொல்லிரு." "ஒங்க சம்பந்தியம்மா லைன்ல இருக்காங்க. பேசுங்க." போனை வாங்கிக் காதில் வைத்தாள். "மதினி! எத்தன தடவ கூப்புடுறது? பொம்பளப் புள்ள மதினி. ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாக. ரெண்டும் நல்லாருக்கு." "பாண்டி?" "நல்லாருக்கான்னுதான சொல்றேன். பாதி மயக்கத்துல எங்கம்மா எங்க, எங்கம்மா எங்கன்னு அனத்துறா. நர்ஸம்மா எங்களத் திட்டுது. வாங்க, வந்து பாருங்க." ஒரு மூச்சு விட்டு, குரலைத் தாழ்த்தி, "எங்கயாச்சும் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு வந்துருங்க" என்றாள். வெள்ளத்தாய் சரி என்றாள். குரலே இல்லை.

"மன்னிச்சுருங்கம்மா," என்றாள் எழிலரசி. "முன்னாடி வந்தது உங்க மாப்பிள்ளைதான். ஆபரேஷன் தியேட்டருக்குள்ள கொண்டு போறோம்னு சொன்னாரு. சொன்னா நீங்க பாட மாட்டீங்கன்னு... அது தப்பு. நான் அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது." வெள்ளத்தாய்க்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. அந்த இடத்தில் தேடிப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. பாத்ரூமுக்குப் போய் வாளித் தண்ணீரை அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டாள். குளிர்ந்த தண்ணீர் முதுகில் இறங்கும்போது இன்னொன்றும் கூடவே இறங்கியது. மகள் வந்துவிட்டாள், பேத்தி வந்துவிட்டாள், சரி. விரிப்பில் படுக்க வைத்தவளை யார் எழுப்பினார்கள்? பாட்டு முடிந்தது, ஆள் அங்கேயே கிடக்கிறாள், அந்தப் பதிவுப் பெட்டிக்குள். சொட்டச் சொட்ட வந்து ஜெரால்டு பக்கத்தில் நின்றாள். "தம்பி, இத அழிக்க முடியுமா?" அவர் எழிலரசியைப் பார்த்தார். எழிலரசி, "நீங்க சொன்னா அழிச்சிருவோம்மா. இப்பவே அழிச்சிருவோம்" என்றாள். நிஜமாகத்தான் சொன்னாள். வெள்ளத்தாய் யோசித்தாள். அழித்தால் கொடுத்ததைத் திருப்பி வாங்கின மாதிரி. கொடுத்ததை வாங்கினால் அங்கே வாங்கினதைத் திருப்பிக் கேட்க மாட்டார்களா? ஆனால் பாட்டு வெளியே போனால்தானே விரிப்பில் கிடக்கிறவளைத் தேடி வரும். "வேணாம். அழிக்காத. ஆனா இப்பப் போடாத. எம் பேத்தி எந்திரிச்சு நடக்கட்டும். அப்புறம் போடுங்க." எழிலரசி நோட்டை எடுத்து அவள் பார்க்கவே எழுதினாள். பேத்தி நடந்த பிறகு வெளியிட வேண்டும்.

கீழே ஆட்டோ நின்றது. ஈரத் தலையோடு ஏறி உட்கார்ந்து ஆஸ்பத்திரி பேரைச் சொன்னாள். வண்டி கிளம்பி முனை திரும்புவதற்குள் மனசு கணக்குப் போட்டுவிட்டது. பதினோரு மாசத்தில் நடந்துவிடும். பாண்டீஸ்வரி பத்திலேயே நடந்தாள். பத்து மாசம் என்பது என்ன, அடுத்த சித்திரைகூட வராது. "நிறுத்துய்யா, நிறுத்துய்யா." "என்னம்மா, எதையும் மறந்துட்டீங்களா?" "ஒரு நிமிசம். இங்கயே நில்லு." படி ஏறினாள். பள்ளிக்கூடம் போகட்டும் என்று சொல்ல வேண்டும், அஞ்சு வருஷம் கிடைக்கும். முதல் மாடி திரும்பும்போது, அஞ்சு போதுமா, அந்தப் பிள்ளை ஆளாகட்டும், சடங்குக்கு நான் சீர் கொண்டு போக வேண்டாமா என்று மனசு நின்றது. மூச்சு வாங்கியது, கைப்பிடியைப் பிடித்து ஏறினாள். இரண்டாம் மாடி வந்தபோது கல்யாணம் வரைக்கும் வந்திருந்தாள். கதவைத் தட்டினாள். இவ்வளவு கேட்டால் கொடுப்பார்களா என்று பயமாக இருந்தது. மறுபடியும் தட்டினாள்.